யாழ்ப்பாணத்துப் பிரதிகளும் கணினிப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினிப் பாதுகாப்பு என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது பூட்டு. கடவுச்சொல், மறைகுறி, அயலார் நுழையாது தடுக்கும் அரண் முதலியனவே அத்தொடரின் பொருள் எனப் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆயின் அத்துறையின் பாடநூல்கள் பாதுகாப்பினை மூன்று பண்புகளாகப் பகுத்துக் கூறுகின்றன. உரியவர் அன்றிப் பிறர் அறியாமை ஒன்று. எழுதியது எழுதியவாறே மாறாதிருத்தல் மற்றொன்று. வேண்டியபோது கைக்கு எட்டுதல் மூன்றாவது. இவற்றை முறையே மந்தணம், செம்மை, கிடைப்பு என இக்கட்டுரை வழங்கும். உலகம் மிகுதியாகப் பேசுவது மந்தணத்தைப் பற்றியே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் எழுத்து வரலாற்றை நோக்கும் ஒருவர்க்கோ, நாம் பட்ட இழப்புகளிற் பெரும்பாலானவை ஏனைய இரண்டின் குறைவால் நேர்ந்தவை என்பது புலனாகும். பூட்டாமல் விட்டதால் இழந்தவற்றிலும், நம்மை அறியாமலே பூட்டிவிட்டதால் இழந்தவை பல என்பதே யான் இங்கு கூற விழைவது.

இப்பொருளில் என் நாட்டத்தைத் திருப்பியது ஓர் இறுவட்டு. என் அப்பப்பா 2004 ஆம் ஆண்டு காலமானார். அவரது அந்தியேட்டியன்று வழங்குதற்கென ஒரு கல்வெட்டு அச்சிடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பது வரலாற்று மாணவர் கற்கும் சாசனம் மட்டுமன்று. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்ச வரலாறு, தேவார திருவாசகங்கள், இரங்கற்பாக்கள் ஆகியவற்றைத் தாங்கி முப்பத்தோராம் நாளில் வெளிவரும் சிறு நூலையும் அப்பெயரால் வழங்குகின்றோம். அப்பப்பாவின் கல்வெட்டுக்கு வம்ச வரலாறு எழுதியவர் பெரியப்பா. ஊரிலிருந்த முதியோர் பலரிடம் கேட்டுக் கேட்டு ஐந்து தலைமுறையை அவர் நிரற்படுத்தியிருந்தார். அம்முதியோருள் இன்று ஒருவரும் இலர். பெரியப்பாவும் இலர். வீட்டிலிருந்த பிரதிகளைக் கறையான் தின்றது. எஞ்சியது, பக்கம் அமைத்துக் கொடுத்த தட்டச்சுக் கடையினர் தந்த இறுவட்டு ஒன்றே. பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாண்டில் அதனை என் கணினியில் இட்டுத் திறந்தேன். வட்டு பழுதுபடவில்லை, கோப்பும் குறைவின்றித் திறந்தது. ஆனால் திரையிற் கண்டவை ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. இடையிடையே ஆண்டுகள் மட்டும் தெளிவாக நின்றன. பிறந்த ஆண்டும் மணம் முடித்த ஆண்டும் இருந்தன. பிறந்தவர் எவர், மணந்தவர் எவர் என்பதற்கு விடையில்லை.

இந்நிலைக்கு நாம் வந்த வழியைக் காண வேண்டுமாயின் ஏட்டுச் சுவடிக் காலத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

மந்தணம் தமிழர்க்குப் புதியதன்று. நன்னூலார் குறிப்பிடும் குழூஉக்குறி அதன் ஒரு வகையே. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என வழங்குவதை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஆயினும் இது வணிகர்க்கும் தொழிலாளர்க்கும் வேண்டியிருந்த அளவு புலவர்க்கு வேண்டியிருக்கவில்லை. புலவரின் கவலை செம்மை பற்றியது. தன் பாட்டிற் பிறர் பாட்டு நுழையலாகாது. தன் பாட்டு ஒன்றும் வீழலாகாது. நானூறு, நாற்பது என நூற்பெயரிலேயே எண்ணை வைத்தமை இக்கவலைக்கு ஒரு மருந்தாயிற்று. எதுகையும் மோனையும் பிழைபட்ட சொல்லைக் காட்டிக் கொடுத்தன. இவை எல்லாவற்றினும் நுட்பமானது அந்தாதி. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக வருவதால், இடையில் ஒன்று வீழ்ந்தாலும் புதிதாய் ஒன்று புகுந்தாலும் தொடர் அறுந்துவிடும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இவ்வாறு தொடுக்கப்பட்டதே. இன்றைய கணினியாளர் ஒரு பதிவிலிருந்து கணித முறையால் ஒரு முத்திரையைப் பெற்று, அதனை அடுத்த பதிவினுள் வைத்துப் பிணைப்பர். முன்னதில் ஓரெழுத்து மாறினும் பின்வருவன யாவும் பொருந்தாமற் போகும். அந்தாதி பாடிய புலவர் பாதுகாப்பைக் கருதியே அவ்வாறு பாடினர் என்று யான் கூறவில்லை. மனனஞ் செய்தற்கு எளிமையே அவர் கருதியதாகலாம். பயன் மட்டும் ஒன்றாயிருப்பது வியப்புக்குரியது.

செம்மையைக் காக்க இத்துணை வழி கண்டும், எழுத்து வடிவிலேயே ஒரு பெருங்குறை இருந்தது. ஏட்டிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தமையால் மெய்யெழுத்தும் அகரமேறிய உயிர்மெய்யும் ஒன்றாய்த் தோன்றின. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒரே கோடாயின. எது எழுத்து, எது குறி என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டியிருந்தது. சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றுத் தமிழகஞ் சென்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இற் கலித்தொகையையும் பதிப்பித்தபோது எதிர்கொண்ட இடர்ப்பாடுகளுள் இதுவும் ஒன்று. ஒரே சொல் போலத் தோன்றும் இரண்டைப் பிரித்தறிவது பதிப்பாசிரியரின் கடமையாயிற்று. இதனை நினைவில் இருத்துக; இணையக் காலத்தில் இச்சிக்கல் மீண்டும் வரும்.

கிடைப்பு என்னும் மூன்றாம் பண்பினை அச்சுக்கலை நமக்கு அளித்தது. 1841 இல் உதயதாரகை வெளிவந்த காலந்தொட்டு அச்சகம் குடாநாட்டு வாழ்வின் அங்கமாயிற்று. அச்சு, பிரதியைப் பெருக்கியது. பெருகிய பிரதி அழிவினைத் தாங்கிற்று. ஆயினும் பிரதியின் பெருக்கமே பாதுகாப்பு என்பதை நம் மூதாதையர் நூல்களிலும் பார்க்கக் காணி விடயத்திலேயே நன்குணர்ந்திருந்தனர் என்று கூறத் தோன்றுகின்றது. நொத்தாரிசு முன்னிலையில் ஓர் உறுதி முடிக்கப்பட்டால், உரியவர் கையில் ஒன்றும், நொத்தாரிசின் கோவையில் ஒன்றும், காணிப் பதிவகத்தில் ஒன்றுமாக மூன்று இடங்களில் அது தங்கும். வீடு எரிந்தாலும் உறுதி எரிவதில்லை. கணினித் துறையில் இன்று போதிக்கப்படும் காப்புப்பிரதி விதியும் இதுவே: மூன்று பிரதி வேண்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். இரண்டு பரப்புக் காணிக்குச் செய்ததை நாம் நமது நூற்செல்வத்துக்குச் செய்தோமில்லை.

1933 இல் ஒரு தனியாரின் முயற்சியாய்த் தொடங்கி, 1959 ஒக்டோபரிற் புதிய கட்டடத்திற் குடிபுகுந்த யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981 மே 31 ஆம் திகதி இரவு தீக்கிரையாக்கப்பட்டது. அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பர். அவ்வழிவின் அரசியலும் அது தந்த துயரும் பலரால் எழுதப்பட்டுள்ளன. அவற்றை மீண்டும் இங்கு விரித்தல் வேண்டா. இக்கட்டுரையின் நோக்கிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எரிந்தவற்றுள் யாழ்ப்பாண வைபவமாலையின் சுவடியும் அடங்கும் என்று பெரிதும் வருந்திப் பேசப்படுவதுண்டு. அந்நூல் இன்றும் நம் கையில் உள்ளது. பிறிற்றோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1879 இலேயே வெளியிட்டிருந்தார், குல. சபாநாதன் முதலியோரின் தமிழ்ப் பதிப்புகளும் இருந்தன. சுவடி போயிற்று, நூல் பிழைத்தது. அச்சேறாதனவும், அச்சேறியும் ஒரே பிரதியாய் அங்கு எஞ்சியிருந்தனவும் பிழைக்கவில்லை. அவை யாவை என்று பெயர்சொல்லி வருந்தவும் நம்மால் இயலாது. ஒன்று வீழ அனைத்தும் வீழும் இடத்தைக் கண்டறிந்து நீக்குவதே பாதுகாப்பு அமைப்பின் முதற் பணி எனக் கணினியாளர் கூறுவர். அழகிய வெண்ணிறக் கட்டடம் ஒன்றினுள் அனைத்தையும் வைத்தபோது அத்தகையதோர் இடத்தை நாமே அமைத்திருந்தோம். எரித்தவரின் குற்றத்தை இது குறைப்பதாகாது.

இனித் தொண்ணூறுகள். 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு நாட்டின் பொது மின்வலையமைப்பிலிருந்து மின்சாரம் வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் மாணவர் படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும் அக்காலத்தவர் யாவரும் கூறுவர். வரலாற்றின் விபரீதம் யாதெனில், தமிழெழுத்து கணினியில் எவ்வாறு அமைய வேண்டும் என்பது உலகில் முடிவு செய்யப்பட்டது இதே ஆண்டுகளிலேதான். ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991 ஒக்டோபரில் வெளிவந்தது. இந்தியாவின் 1988 ஆம் ஆண்டுத் தரத்தை அடியொற்றித் தமிழுக்கு அதில் 128 இடங்கள் வகுக்கப்பட்டன. 1997 இற் சிங்கப்பூரிலும் 1999 இற் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. தமிழ்நாட்டரசு 1999 இல் ஒரு விசைப்பலகையையும் இரு குறியேற்றங்களையும் அறிவித்தது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறியிருந்த நம்மவர் பலர் இம்முயற்சிகளில் ஈடுபட்டனர். இவை நிகழ்ந்த ஆண்டுகளில், 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் தென்மராட்சிக்கு நடந்துகொண்டிருந்தனர். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற விவாதத்தில் அவர்கள் பங்குகொண்டிருக்க முடியுமா?

2002 இல் ஏ-9 பாதை திறந்தது. கணினிகள் வந்தன, தட்டச்சுக் கடைகள் சந்திதோறும் எழுந்தன. அவற்றுடன் வந்ததும் நிலைத்ததும் பாமினி என்னும் எழுத்துரு. இலங்கையின் அச்சகங்களிற் பெரும்பாலும் அதுவே ஆட்சி செய்தது.

பாமினி எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சற்று விரிவாகக் காண்போம், நம் கதையின் மையம் அதுவாகலின். கணினியானது எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆங்கில எழுத்துக்களுக்கு அமெரிக்கர் 1960களில் வகுத்த எண்கள் எல்லாக் கணினிகளிலும் உண்டு. பாமினியை ஆக்கியோர் புதிய எண்களை நாடவில்லை. ஆங்கில 'ஏ'க்குரிய எண்ணில் யகரத்தின் வடிவத்தை வரைந்தனர். 'எச்'சின் இடத்திற் காலை வரைந்தனர். 'ஓ'வின் இடத்தில் ழகரத்தை வரைந்தனர். அரைப்புள்ளியின் இடத்திற் புள்ளியை வரைந்தனர். (அரைப்புள்ளி முழுப்புள்ளியானது என்று ஒரு நண்பர் நகைப்பார்.) ஆகவே 'யாழ்' என்று நாம் தட்டினால், கோப்பினுள் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி என்னும் நான்கின் எண்களே பதிவாகும். பாமினி நிறுவப்பட்ட கணினியில் அது யாழ் எனத் தோன்றும். பாமினி இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலமாகும்.

மறைகுறியியல் கற்றவர்க்கு இவ்வமைப்பு மிகப் பழகியதொன்று. ஓரெழுத்துக்கு வேறோர் எழுத்தை மாற்றி எழுதும் முறையை உரோமத் தளபதி யூலியஸ் சீசரின் பெயரோடு இணைத்துக் கூறுவர். பாமினிக் கோப்பும் அம்மாற்றெழுத்து மறைகுறியே. எழுத்துருவே அதன் திறவுகோல். 1883 இல் ஓகஸ்ட் கெர்க்கோவ்ஸ் என்பார் இராணுவ மறைகுறி பற்றி எழுதிய கட்டுரைகளில் ஒரு நெறியை நிறுவினார்: முறை பகைவர்க்குத் தெரிந்தாலும் கேடில்லை, திறவுகோல் மட்டும் மறைவாயிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். கெர்க்கோவ்ஸ் கணித அறிஞரல்லர். பரிசில் ஜேர்மன் மொழி கற்பித்த ஆசிரியர். கலைப்பீடத்தார் இதனை எண்ணிச் சிறிது பெருமைப்படலாம். அவர் நெறிப்படி நோக்கினால் நம் நிலை நகைப்புக்கிடமானது. மறைக்கும் எண்ணம் நமக்கில்லை. பாமினியின் திறவுகோல் கடைதோறும் கிடந்தது. மந்தணம் சிறிதும் இல்லை. ஆனால் கணினி மாறித் திறவுகோல் நிறுவப்படாதபோது, உரியவனும் உள்ளே நுழைய முடியாதவாறு கதவு அடைபட்டது. மறைகுறியின் நன்மை ஒன்றுமின்றி அதன் தீமையை மட்டும் பெற்றோம்.

ஒருங்குறிக்கு உடனே மாறியிருக்கலாகாதா என வினவலாம். தட்டச்சுக் கடைக்காரரைக் குறைகூறுவது எளிது. அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 முதலே லதா என்னும் ஒருங்குறி எழுத்துருவை உடன் தந்தது. ஆனால் அக்காலத்திற் பரவியிருந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரிவரத் தோன்றுதற்கு, உள்ளமைவுப் பகுதிக்குச் சென்று, மொழி அமைப்பினுள், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுக என்றிருந்த சிறு பெட்டியிற் சரிக்குறி இட வேண்டும். இட்டவுடன் அது விண்டோஸின் மூல இறுவட்டைக் கேட்கும். மூல வட்டு எவரிடம் இருந்தது? பிரதி செய்த மென்பொருளே எங்கும். இதனுடன் ஒப்பிடுகையிற் பாமினியை ஒரு கோப்பைப் பெயர்த்து வைப்பதோடு நிறுவிவிடலாம். எல்லாச் செயலிகளிலும் அது வேலை செய்தது. மென்பொருளின் உள்ளமைவில் ஆக்கியோர் இயல்பாய் இட்டு வைத்ததை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாற்றுவதில்லை என்பது அனுபவ உண்மை. ஒரு சிறு பெட்டியிற் சரிக்குறி இயல்பாய் இடப்படாமையால், ஒரு மொழியின் ஆவணங்கள் பல ஆண்டுகள் தவறான எண்களில் எழுதப்பட்டன. பின்னர் 2008 இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் தமிழுக்குரிய தரத்தை வெளியிட்டது. அதற்குள் எத்தனையோ கல்வெட்டுக்களும் மலர்களும் பாமினியில் அமைந்துவிட்டன. இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பர்மியர் சோஜி என்னும் எழுத்துருவில் இதேபோற் சிக்கி, 2019 ஒக்டோபரிலேயே அரச ஆணையால் ஒருங்குறிக்கு மாறத் தொடங்கினர்.

இயல்பு அமைவின் தீங்கு எழுத்தோடு நிற்கவில்லை. கைக்கடக்கமான நினைவகக் குச்சியைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானே இயங்கும் வழியொன்று பழைய விண்டோஸில் இருந்தது. வசதி கருதி வைக்கப்பட்ட இவ்வழியே நச்சுநிரலுக்கு இராசபாட்டையாயிற்று. 2008 இன் இறுதியில் தோன்றி உலகெங்கும் பரவிய கொன்பிக்கர் இவ்வழியையும் பயன்படுத்திற்று. அது பயன்படுத்திய பிறிதொரு துவாரத்தை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே வெளியாகியிருந்தது. திருத்தத்தை நிறுவியவர் பிழைத்தனர். பிரதி மென்பொருளும் மந்தமான இணைப்பும் உடையவர் திருத்தத்தை நிறுத்தி வைத்திருந்தனர். தட்டச்சுக் கடைக்குக் குச்சியைக் கொண்டு சென்றவர் அச்சுத் தாளுடன் நோயையும் கொண்டுவந்தனர் என்று எம் மூத்தோர் இன்றும் கூறுவதுண்டு.

ஏட்டுச் சுவடியின் சிக்கல் மீண்டும் வரும் என்றேன். 2010 இல் '.இலங்கை' என்னும் ஈறு இணைய முகவரிகளுக்கு வழங்கப்பட்டது. தமிழில் முகவரி எழுதலாம் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துக்களாற் பிறரை ஏமாற்றும் வழி இதனோடு கூட வருகின்றது. 2002 இல் இஸ்ரேலிய ஆய்வாளர் இருவர், புகழ்பெற்ற நிறுவனமொன்றின் பெயரில் இரண்டு எழுத்துக்களை உருசிய எழுத்துக்களாக மாற்றிப் பதிந்து, கண்ணுக்கு வேறுபாடு தெரியாத போலி முகவரியை உண்டாக்கிக் காட்டினர். தமிழுக்கு உருசிய எழுத்து வேண்டா. நம் எழுத்தே போதும். 'கௌரி' என்றும் 'கெளரி' என்றும் எழுதிப் பாருங்கள். முன்னதில் உள்ளது ஔகாரக் குறி. பின்னதில் உள்ளவை கொம்பும் ளகரமும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தமிழ் எண்களாகிய ௧, ௨ என்பன ககரத்தையும் உகரத்தையும் ஒத்துத் தோன்றும். பல எழுத்துருக்களில் ரகரமும் காலும் இன்றும் ஏட்டுக் காலத்திற் போலவே மயங்குகின்றன. வீரமாமுனிவர் ஏகார ஓகார மயக்கத்தைத் தீர்த்துவைத்தார். ரகர மயக்கத்தைக் கணினிக்குத் தீர்த்துவைக்கப் பெயர்ப் பதிவு விதிகள் வேண்டியுள்ளன. தாமோதரம்பிள்ளையின் வேலையை இனி இயந்திரம் செய்ய வேண்டும்.

முகவரியை நம்பலாகாது என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. 2021 பெப்ரவரி 6 ஆம் நாள் 'எல்கே' என முடியும் சில முகவரிகளை நாடியோர், தோட்டத் தொழிலாளர் பிரச்சினை முதலியவற்றைப் பேசும் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். கூகிளின் இலங்கை முகவரியும் அவற்றுள் ஒன்று. பெயரை எண்ணாக மாற்றும் பதிவேட்டிற் கைவைத்தால் வாசலில் நிற்கும் பலகை மாறாமலே வீடு மாறிவிடும் என்பதை அந்நாள் காட்டிற்று.

கிடைப்புப் பற்றிய பாடம் 2023 இல் மீண்டும் வந்தது, இம்முறை அரசுக்கு. அவ்வாண்டு ஓகஸ்ட் 26 ஆம் நாள் அரச மேகக் கணிமை அமைப்பைக் கப்பம் கோரும் நிரலொன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 இலிருந்து அன்று வரை வந்த அஞ்சல்களுக்கு வேற்றிடத்தில் வைத்த காப்புப்பிரதி இருக்கவில்லை, அவை மீளவில்லை. இயங்கியது எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கு ஆக்கிய நிறுவனம் திருத்தம் வழங்குவது அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. ஏறத்தாழ நூறு நாட்களின் அரச எழுத்து ஒரே நாளில் இல்லாதொழிந்தது. தீயுமில்லை, புகையுமில்லை. காணிப் பதிவகத்துக்கு அரசு விதித்த ஒழுங்கு அரசின் அஞ்சலுக்கு இருந்திருக்குமாயின் இது நேர்ந்திராது. நூலகம் எரிந்த ஊரிற் பிறந்த எனக்கு அச்செய்தியை வாசித்தபோது ஏளனம் தோன்றவில்லை. பழகிய ஒரு துயரமே தோன்றியது.

இவ்வரலாற்றின் மறுபுறத்தில் வைத்து எண்ணத்தக்கது 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி. ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்கள், கல்வெட்டுக்கள் முதலியவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் வாசிக்கத்தக்கதாய் இணையத்தில் வைத்து வருகின்றனர் அதன் தொண்டர். பூட்டின்றித் திறந்து வைத்தலே அதன் பாதுகாப்பு; வாசிப்பவர் ஒவ்வொருவரும் பிரதி எடுத்துச் செல்வர். பக்கத்தின் படத்துக்கு எழுத்துரு வேண்டியதில்லை. பாமினியில் அச்சான நூலும் படத்திற் படிக்கத்தக்கதாகவே இருக்கும். தேடுதற்கு வசதியின்மை அதன் குறையெனச் சிலர் கூறுவர். உண்மையே. ஆயினும் தேட முடியாத நூல் இருக்கின்ற நூல். அதனைப் பின்னர் தட்டச்சுச் செய்யலாம்.

என் இறுவட்டுக்கு வருகின்றேன். பாமினியை ஒருங்குறியாக மாற்றும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் வேலை வெறும் எழுத்து மாற்றம் அன்று. 'கொ' என்பதைப் பாமினியிற் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே தட்டுவர். ஏடெழுதியவனின் கை சென்ற முறை அது. ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக நிற்கும். மெய் முன்னும் உயிர் பின்னும் என்ற தொல்காப்பியர் கொள்கையை ஒருங்குறி பின்பற்றுகின்றது எனலாம். ஆகவே மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் எடுத்து அதன் மெய்க்குப் பின்னே கொண்டு செல்ல வேண்டும். அதனை ஓடவிட்டேன். திரையில் அப்பப்பாவின் பெயர் எழுந்தது. தேவாரங்கள் எழுந்தன. பெரியப்பாவின் நடை, அவர் பேசுவது போலவே, எழுந்தது. ஆங்கிலத்தில் இருந்த பட்டப்பெயர்கள் மட்டும் பொருளற்ற தமிழெழுத்துக்களாய்த் திரிந்தன. அவற்றை ஊகித்துத் திருத்தினேன். சில இடங்களில் தட்டச்சுச் செய்தவர் காலுக்கு ரகரத்தை இட்டிருந்தார். சுவடி பதிப்பித்தோர் போன்று நானும் சந்தம் நோக்கியும் பொருள் நோக்கியும் துணிய வேண்டியிருந்தது. திருத்திய பிரதி இப்போது என் கணினியிலும், ஒன்றுவிட்ட அண்ணாவின் வன்வட்டிலும், தாளில் அச்சிட்டு அம்மாவின் உறுதிக் கட்டுடனும் இருக்கின்றது.

ஒரு பக்கம் மட்டும் மாறவில்லை. வம்ச வரலாற்றின் முதற் பக்கம், அப்பப்பாவின் பாட்டனாருக்கு முற்பட்டோர் பற்றியது, பாமினியில் அன்றி வேறோர் எழுத்துருவில் அமைந்துள்ளது. கடையில் வேறொருவர் தட்டியிருக்கலாம். கோப்பில் அவ்வெழுத்துருவின் பெயர் இருக்கின்றது. எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. மாற்றெழுத்து மறைகுறியை உடைப்போர் செய்வது போல, மிகுதியாய் வரும் எழுத்து எதுவெனக் கணக்கிட்டு, அது புள்ளியாகலாம் எனத் தொடங்கி, நான்கு வரிகளை அரைகுறையாய் வாசித்துள்ளேன். ஊர்ப்பெயர் ஒன்று கரணவாய் என்று தோன்றுகின்றது. அச்சுப் பிரதி எவரிடமேனும் எஞ்சியிருக்குமா எனத் தொரொன்ரோவிலுள்ள மாமிக்கு எழுதியிருக்கின்றோம். பழைய பெட்டிகளைப் பார்ப்பதாகப் பதில் வந்துள்ளது.